வெளியே பூட்டிய கொட்டகை

அன்புள்ள அம்மாவுக்கு, ரூபா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றிச் செல்லும் எங்கள் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி வாங்க மைசூர் பக்கம் நஞ்சன்கூடு போயிருந்தேன். பெட்டி செய்யும் கொட்டகைக்குள் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்க, கதவு வெளியே பூட்டியிருந்தது.

"எதுக்குங்ண்ணா பூட்டு?" என்று அங்கிருந்த தமிழ் மேஸ்திரியைக் கேட்டேன்.

"இல்லாட்டி ஊருக்கு ஓடிப்போயிருவாங்க" என்றார்.

எங்கள் மேனேஜருக்கு போன் செய்து, பூட்டைப் பற்றிச் சொல்லி, இங்கே பெட்டி எடுக்க மாட்டேன் என்றேன். அவர் தகவல் சொல்ல, தொழிலாளர் துறை அதிகாரிகள் வந்து பூட்டைத் திறக்க வைத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

வெளியே வந்த ஒடிசாப் பெண் ஒருத்தி என் போனை வாங்கித் தன் அம்மாவிடம் நெடுநேரம் பேசினாள். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. அதனால்தான் அன்று நீ கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

அண்ணனிடம் என் கம்பளியைக் கொடுத்தனுப்பு. ஞாயிறு கூப்பிடுகிறேன், சீக்கிரம் வைத்துவிடாதே. பஸ் வந்துவிட்டது.

ரூபா