விற்பனைக்கு இல்லாத இரண்டு பொத்தான்கள்

டீச்சர்,

இன்று காலை ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த தையல்காரர் ஒருவர் என் கண்ணாடிப் பெட்டியைத் தட்டி, "பாஸ், அந்த நங்கூரம் போட்ட பித்தளைப் பட்டன் ரெண்டு டஜன் எடுங்க" என்றார். "அது விக்கிறதுக்கு இல்ல" என்றேன். பிரிக்பீல்ட்ஸில் இருபத்தைந்து வருடமாகப் பொத்தான், ஜிப்பு, நூல், லேஸ் விற்கிறேன். இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. அவரும் விடவில்லை. "அப்புறம் எதுக்கு லா உள்ளாற வச்சிருக்கீங்க?"

நியாயமான கேள்வி. இரண்டே இரண்டு பொத்தான், அதுவும் என் சரக்கு இல்லை. அவருக்குச் சொன்னால் விளங்காது. நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

என் மகள் ரேவதிக்கு அப்போது எட்டு வயது. நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். கேட்ட வார்த்தையைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வாள். பள்ளியில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அலறினால் வராந்தாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளைச் சேர்த்துக்கொள்ள வேறு பள்ளி கிடையாது என்பதை நான் கிள்ளான் வரை அலைந்து தெரிந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் கெடு வைத்தார்: பள்ளித் தவணை முடிவதற்குள் மணிச்சத்தத்தில் அலறாமல் வகுப்பில் உட்கார வேண்டும், இல்லையென்றால் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் வியாபாரி, எனக்குத் தெரிந்த வழியில் போனேன். நல்ல சட்டைத் துணி ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். துணியை வாங்கிக்கொண்டார். கெடுவை மாற்றவில்லை.

அந்த வாரம்தான் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். அவளுடைய புது வகுப்பாசிரியை, என்னைவிடப் பத்து வயது இளையவர், கையில் ஒரு நோட்டு. வெளிநாட்டில் படித்து வந்திருந்தாலும் வீட்டு யாழ்ப்பாணப் பேச்சு மாறவில்லை.

"அண்ணை, நான் ஒண்டும் வாங்க வரேல்லை. சும்மா இருந்து பாக்கப் போறன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, கடைக்குள் இருந்த ரேவதியையும் என்னையும் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தீர்கள். வருமான வரி ஆள்கூட என் கடையில் அவ்வளவு எழுதியதில்லை. கடைசியில் நோட்டைத் திருப்பிக் காட்டினீர்கள்.

"ஏழு தரம் கத்தினவள். ஏழு தரமும் நீங்கள் ஜெல்லி குடுத்தனீங்கள். வலு வடிவாய்ப் பழக்கி வச்சிருக்கிறாள்."

"யார, டீச்சர்?"

"உங்களைத்தான்."

ஊரையே பேரம் பேசி மடக்குகிறவன் நான். ஒரு எட்டு வயதுப் பிள்ளை என்னை மடக்கியிருந்தது ஒரு நோட்டில் பதிவாகியிருந்தது.

வகுப்பிலும் இதே கதைதான் என்றீர்கள். கத்தினால் வெளியே விடுகிறார்கள், அவளுக்கு வேண்டியதும் அதுதான். நடத்தைப் பகுப்பாய்வு என்று இதற்கு ஒரு பெயரும் சொன்னீர்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எதற்குக் கூலி கிடைக்கிறதோ அது வளரும்.

"இனிக் கத்தினால் குடுக்காதேங்கோ, அவளைப் பாக்கவும் வேண்டாம். கத்தாமல் கையை நீட்டினால் அந்த நொடியே குடுங்கோ. ஒரு கிழமைக்குக் கூடக் கத்துவாள். அதுக்குப் பயந்து குடுத்தியளெண்டால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் எண்டு படிச்சிடுவாள்."

ஒரு வாரம் அதிகமாகக் கத்துவாள் என்று நீங்கள் சொன்னது குறைத்துச் சொன்னது. மூன்றாம் நாள், எதிர்ச் சாரியில் இருந்த நாசி கண்டார் சோற்றுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து வந்து பார்த்தார்கள். நான் கண்ணை மேலே தூக்கிக் கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பூக்கடை அக்கா ஜெல்லியோடு ஓடி வந்தார்.

"கல்லு நெஞ்சா அண்ணே ஒங்களுக்கு? புள்ள தொண்ட கிழியுது!"

"அக்கா, குடுக்காதீங்க! டீச்சர் சொல்லியிருக்காங்க!"

"எந்த டீச்சர்? அந்த டீச்சருக்குப் புள்ள இருக்கா?"

மறுநாள் நீங்கள் பூக்கடைக்கே போய் அரைமணி நேரம் உட்கார்ந்தீர்கள். என்ன சொன்னீர்களோ, அதற்குப் பிறகு ரேவதி வாயைத் திறந்தாலே அக்காவும் காற்றாடியைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் கடையில் காற்றாடி கிடையாது. ஒன்பதாம் நாள் என் மகள் சத்தமில்லாமல் கையை நீட்டினாள். நான் பதறிப்போய் ஜெல்லி டப்பாவையே கவிழ்த்துவிட்டேன்.

வகுப்பில் உங்கள் வேலை வேறு மாதிரி நடந்தது. மணியின் நாக்கில் என் கடை வெல்வெட்டை ஏழு சுற்றுச் சுற்றச் செய்தீர்கள். பள்ளி முழுக்க மணி இருமுவது போலக் கேட்கும். ரேவதி அமைதியாக இருந்தால் ஒவ்வொரு சுற்றாகக் குறைப்பீர்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே சட்டம்: நல்லது செய்த அடுத்த மூச்சுக்குள் ஒரு பச்சைப் பொத்தான், கூடவே என்ன நல்லது என்று ஒரு வார்த்தை, உங்கள் பேச்சில் 'வடிவாய்', அதாவது நன்றாக, என்று தொடங்கி. ஐந்து சேர்ந்தால் பிடித்ததைச் செய்யலாம். ரேவதிக்குப் பிடித்தது ஜிப்பு. மூலையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஏற்றி இறக்குவாள்.

பச்சைப் பொத்தான் என் கடை உருப்படி. என் புத்தி எங்கே போகும்? இன்னும் கொஞ்சம் கூடச் சேர்ந்தால் பிள்ளை சீக்கிரம் தேறுவாளே என்று, ஒரு திங்கட்கிழமை அவள் சீருடை பினஃபோர் பையில் இரண்டு கை அள்ளிப் போட்டு அனுப்பினேன். அன்று வகுப்பு தொடங்கியதிலிருந்து அவள் ஜிப்பு மூலையை விட்டு எழவே இல்லையாம். ஐந்து ஐந்தாக நீட்டிக்கொண்டே இருந்தாளாம். சட்டப்படி நீங்கள் மறுக்கவும் முடியாது.

மாலையில் கடைக்கு வந்தீர்கள். திட்டவில்லை. "அண்ணை, இனி உங்கட கடையில வாங்கேலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிள்ளான் வரை பஸ் ஏறிப்போய், என்னிடம் இல்லாத நங்கூரம் போட்ட பித்தளைப் பொத்தானாக வாங்கி வந்தீர்கள். அதுவும் யாரிடம்? என் வாடிக்கையை ஏற்கெனவே பாதி இழுத்திருந்தவனிடம்! துணியைக் கொடுத்து ஏமாந்ததைவிட அது வலித்தது.

தவணையின் கடைசி நாள் வெல்வெட்டே இல்லை. தலைமையாசிரியர் வகுப்பின் பின்னால் கைகட்டி நின்றார். நான் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, முழுச் சத்தத்தோடு. ரேவதி காதைப் பொத்தினாள். பிறகு ஒரு கையை எடுத்தாள். மறுகையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். உட்கார்ந்தே இருந்தாள். நீங்கள் அடுத்த மூச்சுக்குள் அவள் கையருகே ஒரு நங்கூரப் பொத்தானை வைத்தீர்கள்: "வடிவாய் இருந்தனீ!"

நான் கத்திவிட்டேன் டீச்சர். கம்பியை உலுக்கி, "உக்காந்துட்டா! எம்மவ உக்காந்துட்டா!" என்று. தலைமையாசிரியர் என்னை முறைத்தார். நாற்பது பிள்ளைகளும் திரும்பினார்கள். நீங்கள் மட்டும் திரும்பவில்லை. காற்றாடியைப் பார்த்தீர்கள். ரேவதியும் காற்றாடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எனக்கே வெட்கமாகி வாயை மூடினேன். உடனே ஜன்னலுக்கு வந்து கம்பி வழியாக என் உள்ளங்கையில் ஒரு நங்கூரப் பொத்தானை வைத்தீர்கள். "வடிவாய் இருந்தனீங்கள், அண்ணை."

தலைமையாசிரியர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "சரி, பிள்ளை இருக்கட்டும்" என்றார்.

இப்போது ரேவதிக்கு இருபத்திரண்டு. கடையில் ஜிப்புப் பிரிவு அவளுடையது. நீளம் பார்க்க அளவுகோல் தேவையில்லை, இழுக்கும் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். வெளியே ரயில் பாதைக்குத் தூண் இறக்குகிறார்கள். நாள் முழுக்க இடி. நான்தான் காதைப் பொத்துகிறேன்.

உங்கள் வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நீங்கள் அசையாமல் கிடந்ததைப் பார்த்ததும், கடன்காரன் முன்னால்கூடக் கண்கலங்காத நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். உங்கள் உறவினர்கள் திகைத்துப் போனார்கள்; யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள், யாரோ முதுகைத் தடவினார்கள். ரேவதி என் பக்கமே திரும்பவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு விளங்கவில்லை போல என்று நினைத்தேன்.

மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினேன். அந்தக் கணத்தில் என் உள்ளங்கையில் ஏதோ சில்லென்று விழுந்தது. பதினான்கு வருடமாகப் பைக்குள் வைத்திருந்த அவளுடைய நங்கூரப் பொத்தான்.

"வடிவாய் இருந்தனீங்கள், அண்ணை" என்றாள், உங்கள் குரலிலேயே.