எல் ஜெம் அரங்கத்தின் கல்

18 நவம்பர் 1973, ஞாயிறு. கார்ஹிங்.

மாலையில் எங்கள் ஜெர்மன் வீட்டுக்காரம்மா ஃப்ராவ் ஹூபர், தன் துனீசியப் பயணத்தில் எடுத்த ஸ்லைடுகளைத் திரையில் போட்டுக் காட்டினார். என் அறைத்தோழன் ஹபீபுக்காகத்தான் இந்த ஏற்பாடு. அவன் அந்த நாட்டுக்காரன். ஊருக்குப் போய் நான்கு வருடமாகிறது.

எல் ஜெம் ஊரில் ரோமானியர் கட்டிய பெரிய வட்ட அரங்கம் வந்தது. ஒரு பக்கம் இடிந்து கிடந்தது.

"ஊர்க்காரங்களே கல்லைப் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். என்ன அநியாயம்!" என்றார் அவர்.

"அதுல ஒண்ணு எங்க அடுப்படிச் சுவர்ல இருக்கு," என்றான் ஹபீப். "ரோமானியர் போயிட்டாங்க. நாங்க அங்கேயே வாழ வேண்டியிருந்துச்சே!"

இந்த அம்மாவுக்குக் கோபம் வந்தால் இரண்டு பேருக்கும் அறை போய்விடும். எங்கள் ஊரிலும் பழைய கோயில் கல்லில்தான் துணி துவைக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "உங்க வீடு இந்தப் படத்துல தெரியுதா?" என்று கேட்டார்.

ஹபீப் எழுந்து திரையருகே போனான். விரல் இடிந்த பக்கத்திலிருந்து நகர்ந்து, திரையின் ஓரத்தையும் தாண்டி, பூப்போட்ட சுவர்த்தாளில் போய் நின்றது.

"இங்க. அம்மா இந்நேரம் ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருப்பாங்க."

ஃப்ராவ் ஹூபர் சுவரில் அந்த இடத்தைப் பார்த்தார்.

"அவ்வளவு பக்கத்துலதான் நின்னிருக்கேன். தெரிஞ்சிருந்தா போய்ப் பார்த்திருப்பேனே!"

அவன் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் அடுத்த படத்தைப் போடவில்லை.