சந்தேகம் இல்லை என்று நான் இட்ட குறி

அனுப்புநர்:
உதவியாளர், நூற்புழுப் பிரிவு,
மண் மற்றும் வேர்ச் சோதனைக்கூடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பயிர் நலத்துறை.

பொருள்: வாழைக்கன்று நாற்றங்காலுக்கு அளித்த நற்சான்றைத் திரும்பப் பெறக் கோருவதும், அதை எழுதிய என்மீது நானே புகார் செய்வதும் தொடர்பாக.

பார்வை: “ஆதாரத்தோட வாங்க” என்று தங்கள் அலுவலகத்தில் திருப்பப்பட்ட என் முந்தைய இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இப்பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்த மண்புழுதி இழை போன்ற நூற்புழுக்களில், வேரைத் தின்பதன் வாயில் ஓர் ஊசி இருக்கும். ஊசி இல்லாதது மண்ணில் சும்மா திரிவது, அதனால் கெடுதல் இல்லை. உருப்பெருக்கியில் கண் வைத்தவுடன் ஊசி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்பதால் கூடத்தில் என்னை ‘ஊசி’ என்றே கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2. விதிப்படி மண், வேர் இரண்டையும் பார்க்க வேண்டும். வேரை நறுக்கி இரண்டு நாள் தண்ணீரில் வைத்தால்தான் உள்ளே இருப்பவை வெளியே வரும். ஒரு புழுவை நசுக்கிச் சிறு குழாயில் இட்டு உறைபெட்டியில் வைப்போம். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘சந்தேகம்: உண்டு / இல்லை’ என்றிருக்கும். ‘உண்டு’ என்று குறித்தால் மட்டுமே அக்குழாய் டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போகும்.

3. சென்ற ஆண்டு அந்த நாற்றங்காலின் மாதிரி என் மேசைக்கு வந்த அன்று, அங்கே கன்றுக்குச் சொல்லிவைத்திருந்த என் அக்காவின் கணவர் தொலைபேசியில், “மச்சான், மழைக்கு முன்னாடி நட்டாகணும், சீக்கிரம் முடிச்சு விடேன்” என்றார். நான் வேரை நறுக்கவில்லை. மண்ணிலிருந்து மட்டும் பத்துப் புழுக்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஊசி தெளிவாக இல்லை. தலை மட்டும் சற்றுத் தூக்கலாக உருண்டிருந்தது. ஒரு நொடி உறுத்தியது. ‘இல்லை’ என்று குறித்துவிட்டேன்.

4. வேர் துளைக்கும் நூற்புழுவில் ஆண் எதையும் தின்பதில்லை, அதன் ஊசி தேய்ந்து போயிருக்கும், தலை உருண்டிருக்கும். தின்பவை பெண்ணும் குஞ்சுகளும். அவை வேருக்குள் இருந்தன. நான் பார்த்த பத்தும் ஆண். பயிற்சிக்கு வருபவர்களுக்கு இதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஐயா.

5. அந்தக் கன்றுகள் இப்போது என் அக்காவின் தோட்டத்தில் குலை தள்ளி நிற்கின்றன. இலையில் வாட்டம் இல்லை. காற்று அசையாத நண்பகலில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மரம் அடியோடு சாய்கிறது. அடியில் வேர் இருந்த இடத்தில் கறுத்த முனைகள் மட்டுமே உள்ளன. “தம்பி, இலைகூட ஆடலடா. யாரோ பின்னாடி வந்து நின்னு தள்ளுற மாதிரி சாயுது” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோதே ‘தொம்’ என்ற சத்தம் எனக்குத் தொலைபேசியில் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்தி, “கேட்டுச்சா?” என்றார்.

6. வேலையாட்கள் உள்ளே வர மறுக்கிறார்கள். அக்காவின் மாமியார், “இவ தொட்டு நட்டதுதானே எல்லாம்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார். கொஞ்ச நாள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. அக்கா இப்போது எதையும் தொடுவதில்லை. அந்த வீட்டில் தண்ணீர்க் குவளையைக்கூட அவர் முந்தானையால் பிடித்து எடுப்பதை என் கண்ணால் பார்த்தேன். “நிஜமாவே என் கைதானாடா?” என்று என்னிடம் கேட்டார். கன்றுக்குச் சான்று எழுதிய கையை மடியில் வைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

7. அத்தோட்டத்து வேரைக் கொண்டுவந்து, விதிப்படி இரண்டு நாள் தண்ணீரில் வைத்தேன். தட்டு முழுவதும் நெளிந்தது. பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஊசி இருந்தது.

8. ஆகவே, அந்த நாற்றங்கால் கன்று வழங்குவதை இன்றே நிறுத்த வேண்டுகிறேன். என் கண்ணை இனி நம்ப வேண்டாம். உறைபெட்டியில் உள்ள பழைய குழாயையும் புதிய புழுவையும் டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்புங்கள். என்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கலாம். குற்றம் ஒரு புழுவினுடையது, அதைத் தவறவிட்டவன் தம்பி, அக்காவின் கைக்கு இதில் சம்பந்தமில்லை என்று அலுவலக முத்திரையோடு அவ்வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். மாமியார் எழுத்துக்கூட்டிப் படிப்பவர், பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது. நான் அக்காவிடம் இன்று மாலை நேரில் சொல்லப் போகிறேன்.

9. ஆதாரம் கேட்டிருந்தீர்கள். தங்கள் அலுவலக வாசலில் இருபுறமும் நிற்கும் தொட்டி வாழைகள் அதே நாற்றங்கால் சென்ற ஆண்டு அன்பளிப்பாகக் கொடுத்தவை. நேற்றுக் காத்திருந்தபோது இடப்பக்கத்து வாழையை ஒரு விரலால் தொட்டேன். சாய்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. நிமிர்த்திச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு வந்தேன். வலப்பக்கத்து வாழையை நான் தொடவில்லை. அதன் கீழேதான் மனு கொடுக்க வருபவர்கள் உட்காரும் பெஞ்சு இருக்கிறது. அந்தப் பெஞ்சைத் தயவுசெய்து இன்றே நகர்த்தச் சொல்லுங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
உதவியாளர், நூற்புழுப் பிரிவு

இடம்: சோதனைக்கூடம், பின்கட்டு அறை
நாள்: புதன்கிழமை, நண்பகல். காற்று இல்லை.

இணைப்பு: சென்ற ஆண்டுப் படிவத்தின் நகல். கடைசிக் கட்டம் என் கையால் திருத்தப்பட்டுள்ளது. சந்தேகம்: உண்டு.