வம்ச அட்டவணை வாசித்த ஞாயிறு

தென்காசி,
டிசம்பர் 15.

கர்த்தருக்குள் அன்பான மகள் எப்சிபாவுக்கு, புத்திகெட்ட உன் அம்மா ரூபி எழுதிக்கொள்வது. இங்கே சுகம். என் மூட்டுவலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது.

நீ போனை எடுப்பதில்லை. நியாயம்தான். தாலி ஏறாத மகள் ஐந்து மாதம் என்று சென்னையிலிருந்து அழுதபோது, குற்றாலத்தில் ரூம் பார்க்கிறேன், பிள்ளை பெறும்வரை அங்கேயே இரு என்று சொன்னவள் நான்.

யோசனை என்னுடையதல்ல. நம் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் ஜெபக்கனி அக்கா தந்தது. ஏட்டி ரூபி, இப்போ சீசன் இல்ல, லாட்ஜெல்லாம் காலியாத்தான் கெடக்கு, அங்கன வச்சிட்டா சபைக்கு அசிங்கமில்ல பாரு என்று காதில் ஓதினாள். ஓதிய கையோடு இலத்தூர்வரை செய்தியைப் பரப்பியும் விட்டாள். இந்த வருஷம் கேரல் பாட வந்தவர்கள் நம் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். முப்பது பேருக்குச் சுட்ட அச்சுமுறுக்கை நானே தின்று, இப்போது ஒரு ஜாக்கெட்டும் கையேற மாட்டேன் என்கிறது.

தின்னத் துணைக்கு வந்தவள் பக்கத்து வீட்டு ஃபாயிஸா. எங்க மரியம் அம்மா கைப்பிள்ளையோட வந்தப்பவும் ஊரு இப்படித்தான் பேசிச்சுக்கா என்றாள். இயேசு தேவகுமாரன்தானா என்பதில் அவளுக்கும் எனக்கும் ஒத்துவராது. ஜெபக்கனி அக்கா விஷயத்தில் முழு ஒற்றுமை.

அப்போதுதான் நினைவு வந்தது. ஜனவரியிலேயே அச்சடித்த பட்டியலில், நேற்றைய ஆராதனைக்கு வேதபாடம் வாசிப்பது நான். மாற்ற மறந்துவிட்டார்கள். கன்னி மரியாளிடம் ரட்சகர் பிறந்ததை மட்டும் வாசித்தால் போதும். நான் அதற்கு முன்னால், இயேசுவின் முன்னோரைச் சொல்லும் வம்ச அட்டவணையிலிருந்தே தொடங்கினேன். குருவானவர் தொண்டையைக் கனைத்தார். எனக்குத்தான் காது மந்தமாயிற்றே!

ஆண்கள் பெயரையெல்லாம் புளியறை இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி மாதிரி ஓட்டினேன். ஊர் வாய்க்கு அகப்பட்ட பெண்கள் வந்தால் நிறுத்தினேன். தாமார்: மாமனாருக்கே பிள்ளை பெற்றவள். ராகாப்: ஊரறிந்த வேசி. உரியாவின் மனைவி: ராஜா செய்த அக்கிரமத்தைச் சுமந்தவள். ஒவ்வொரு பெயருக்கும் கண்ணாடிக்கு மேலாக முன்வரிசை ஜெபக்கனி அக்காவைப் பார்த்தேன். மூன்றாவது பெயரில் அவள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டாள். அடடா, என்ன ஆனந்தம்! பாவம் என்று தெரிந்தும் பட்ட ஆனந்தம்.

வாசலில் மறித்து, எதுக்குட்டி அதையெல்லாம் வாசிச்ச என்று சீறினாள். ஆண்டவர் வீட்டு ஆளுகளாச்சே அக்கா, எப்படி விட முடியும் என்றேன்.

மகளே, உன் வயிற்றில் இருப்பது அற்புதமல்ல. துபாய்க்கு ஓடிப்போன அந்தப் பயல் செய்த வேலை. ஆனால் கன்னி வயிற்றில் வந்து பிறக்கத் தெரிந்த கடவுளுக்கு, தாமார் இல்லாத குடும்பமா கிடைத்திருக்காது? தெரிந்தேதான் வந்திருக்கிறார். ஐம்பது வருஷமாக விசுவாசிக்கிறேன், நேற்று வாசிக்கும்போதுதான் உறைத்தது. ஜெபக்கனி அக்கா பேசத்தான் செய்தாள். லாட்ஜுக்குப் போய், ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தது நான்.

இதனுடன் 23-ஆம் தேதி பொதிகை ரயிலுக்கு டிக்கெட் வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் நிற்பேன். ஊர் பார்க்க ரதவீதி வழியாகவே வீட்டுக்கு வருவோம்.

ஜெபக்கனி அக்காவைப் பழிவாங்கியாயிற்று. என்னைப் பழிவாங்க உன்னைத் தவிர ஆளில்லை. வந்து, நம் வீட்டில் உட்கார்ந்து, வேளாவேளைக்குத் திட்டி, ஆற அமரத் தீர்த்துக்கொள்.

கர்த்தர் உன்னையும், உன் வயிற்றில் இருப்பவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அம்மா,
ரூபி