பல்லேகமவிலிருந்து பெரியக்கா

இன்று பின்னேரம் போனுக்கு ரீலோட் போட வந்த ஒரு பிள்ளை, காதில் வயரைச் செருகிக்கொண்டு, தான் பாடுவது யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில் கடைக்குள் நின்று உரக்கப் பாடியது. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! "சிரிக்கிறதா இருந்தா ரோட்டுல போய் சிரிங்க" என்று விரட்டிவிட்டேன். அதன் பிறகு வேலை ஓடவில்லை. அப்படிப் பாடிய இன்னொரு ஆளை எனக்குத் தெரியும் மிஸ். நீங்கள்தான்.

மாத்தளையை அடுத்த அலுவிகாரையில், யாழ்ப்பாணம் போகும் ஏ-நைன் ரோட்டோரம் என் கொமியுனிகேஷன் கடை. வீட்டுக்காரர் கட்டாரில் உழைத்து அனுப்பியதில் போட்டது. ஒரு போன், ஒரு போட்டோகாப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு லைன். இன்டர்நெட் போட்டால் போன் செத்துவிடும், போனை எடுத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். நீங்கள் யாழ்ப்பாணத்துப் பிறவி. மாத்தளையில் அரசாங்கக் கந்தோரில் காணிப் பிரிவு கிளாக். கந்தோர் விட்டதும் பஸ்ஸில் வந்திறங்கி, குடையை மடக்கிக்கொண்டே, "என்ன முதலாளி, லைன் உயிரோட இருக்கோ?" என்று நுழைவீர்கள். ஊருக்கெல்லாம் நான் கட்டார்காரர் பொண்டாட்டி. முதலாளி என்று கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான். கேலிக்குத்தான் கூப்பிட்டீர்கள் என்று தெரியும், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் அரசாங்கப் பக்கத்துச் செய்தி, பிறகு வெளிநாட்டில் இருப்பவர்கள் நடத்தும் தமிழ்ச் செய்தி. இரண்டையும் படித்துவிட்டுத் திரையோடு சண்டை பிடிப்பீர்கள். "இஞ்ச பாருங்கோ, ரெண்டு பகுதியும் ஒரே சண்டையில வெண்டிருக்கினம். அப்ப தோத்தது ஆர்?" எங்கள் மலைநாட்டுத் தலைவர்களையும் விட்டுவைக்க மாட்டீர்கள். "உங்கட ஆக்கள் இந்த முறை எந்தப் பக்கம் முதலாளி?" என்பீர்கள். "மந்திரிப் பதவி எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் மிஸ். உங்க ஆளுங்க மட்டும் ரொம்ப ஒழுங்காக்கும்!" என்று நானும் கொடுப்பேன். அந்தத் தமிழ்ச் செய்திப் பக்கத்தை நாட்டுக்குள் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிய அன்றைக்குத்தான் நீங்கள் கேலி பேசவில்லை. "செய்தியைப் பூட்டினா சண்டை நிண்டிடுமோ?" என்று மட்டும் கேட்டீர்கள். போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனீர்கள்.

உங்கள் தங்கச்சி சண்டை நடக்கும் வன்னிக்குள் இருந்தா. கூடப் பிறந்தது அவ ஒருத்திதான். ரோட்டை மூடி, போனும் அறுந்த பிறகு அவவிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அவ உயிரோடு இருக்கிறாவா என்பதைத்தான் நீங்கள் அந்தச் செய்திகளுக்குள் தேடினீர்கள். அது புரியாமல், இந்த மிஸ்ஸுக்கு அரசியல் பைத்தியம் என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் லண்டனில் இருந்து வரும் அந்த ரேடியோவைக் கண்டுபிடித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விருப்பப் பாட்டு. இன்டர்நெட்டில் வரும் அதே நிகழ்ச்சி சிற்றலையிலும் போகும். வன்னியில் கரண்டு கிடையாது, பேட்டரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்கிறார்களாம். நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. உங்களுக்கு அது போதுமாக இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கிழமைக்கு ஒரு ஈமெயில் அனுப்புவீர்கள். கேட்பது எப்போதும் ஒரே பாட்டு. தங்கச்சியின் கல்யாண வீட்டில் ரெக்கார்டில் ஊசி சிக்கி, தாலி கட்டும் நேரத்தில் ஒரே வரியை ஓயாமல் பாடித் தொலைத்த பழைய சினிமாப் பாட்டு. என் புதுப் பாட்டுகளை நீங்கள் மதிக்கவே இல்லை. "தகர டப்பாவை மலையில இருந்து உருட்டி விட்டமாதிரி இருக்கு" என்பீர்கள். ஆனால் உங்கள் பாட்டு வந்ததும் ஹெட்போனோடு சேர்ந்து நீங்கள் பாடும் அழகு இருக்கிறதே, டப்பா எவ்வளவோ தேவலை மிஸ்.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். "கேட்டிருப்பாளோ, முதலாளி?"

"கேட்டிருப்பாங்க மிஸ்." எனக்கு ஒரு நம்பிக்கையும் கிடையாது. வேறென்ன சொல்ல?

ஒருநாள் பொலிசார் இரண்டு பேர் வந்து, கம்ப்யூட்டரில் யார் யார் உட்காருகிறார்கள், எங்கே என்ன அனுப்புகிறார்கள் என்று குடைந்துவிட்டுப் போனார்கள். அன்று நீங்கள் வந்ததும் கத்தினேன். "மிஸ், உங்க பேரு, எங்க ஊரு, வன்னி கின்னின்னு எல்லாத்தையும் எழுதி என்னைய உள்ள வச்சிராதீங்க!" நீங்கள் வந்த வழியே திரும்பிப் போனீர்கள். அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. வந்தபோது முகத்தில் ஒரு குறும்பு. "இண்டையில இருந்து நான் பல்லேகம" என்றீர்கள்.

"பல்லேகமவா? அந்தச் சிங்கள ஊர்ல யாரு மிஸ் இருக்கா?"

"ஒருத்தரும் இல்லை. என்ர மேசையில எந்த நேரமும் கிடக்கிறது பல்லேகம காணி ஃபைல்தான். நான் போட்ட கையெழுத்தில பாதி அங்கதான் போகுது. இருந்துட்டுப் போறன்."

அதற்குப் பிறகு பெயரும் இல்லை, வன்னியும் இல்லை. 'பல்லேகமவிலிருந்து பெரியக்கா, தங்கை சின்னக்கிளிக்காக விரும்பிக் கேட்கும் பாடல்' என்று மட்டும்தான். சின்னக்கிளி என்பது நீங்கள் தங்கச்சியைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர். அறிவிப்பாளர் அதை 'பல்லேகாமா' என்று நீட்டிச் சொல்லும்போது நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். பொலிசுக்கு நன்றாகக் காது குத்திவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்கள் பாட்டை நீங்கள் கேட்கவில்லை. நாலந்தாவில் இருந்து ஒரு சிங்கள அம்மா வந்திருந்தார். மகன் ஆமியில், வடக்கே சண்டையில் நிற்கிறான். அன்றைக்கு என் கடைக்கு போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தானாம். நிகழ்ச்சி தொடங்கிவிட்டது, லைன் உங்களிடம். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை; பெஞ்சில் உட்கார்ந்து, செத்துக் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கானால் யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. நீங்களே ஹெட்போனைக் கழற்றி இன்டர்நெட்டை நிறுத்தினீர்கள். "முதல்ல அவவின்ர மகன் கதைக்கட்டும்." போன் வந்தது. அந்த அம்மா பேசிவிட்டு, அழுதுவிட்டு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு நான் கேட்டேன், "அந்தப் பக்கம் நிக்கிறவன்தானே மிஸ் உங்க தங்கச்சி இருக்கிற இடத்துக்குச் சுடுறான்?"

"ஓம்" என்றீர்கள். "அதுக்கு அவவின்ர போனை ஏன் நான் அறுக்க வேணும்?"

இன்றுவரை அரசியல் பேசி யாராவது எனக்கு ரத்தம் சூடேற்றினால், அந்தப் பதில்தான் நடுவில் வந்து நிற்கிறது. எல்லா நேரமும் நான் அடங்கிப்போகிறேன் என்று சொல்ல முடியாது.

சண்டை முடிந்தது. ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். நீங்கள் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து அகதி முகாம்களின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்தீர்கள். ஏற்கெனவே உங்களுக்குச் சீனி வியாதி. சாப்பாட்டையும் மருந்தையும் விட்டுவிட்டீர்கள். ஆடி பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர்கள். நான் கஞ்சி கொண்டுவந்தேன். அன்றும் அதே கேள்வியைத்தான் கேட்டீர்கள். அன்றும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "நீர் சும்மா சொல்லுறீர்" என்றீர்கள். மிஸ், அது என்னைச் சுட்ட மாதிரி வேறெதுவும் சுடவில்லை. அந்தக் கிழமையே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

அந்த வருடக் கடைசியில் உங்கள் கந்தோர் பியோன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். எலும்பும் தோலுமான உடம்பு, கையில் ஒரு பொலித்தீன் பை. கந்தோரில் யாருக்கும் சொல்ல வாய் வராமல் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். முகவெட்டைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். ரெண்டு நாளாக அலைகிறேன் என்றா.

"மாத்தளைக்கு நேரா வர வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"நான் பல்லேகமவுக்கெல்லோ போனனான். அக்காவுக்கு அங்க மாற்றம் கிடைச்சிட்டுதெண்டு நினைச்சம். ஒரு சொல் சிங்களம் தெரியாது. அங்க கந்தோரில தமிழ் தெரிஞ்ச ஒரு ஐயா பேரைக் கேட்டிட்டு, கடிதங்களில இந்தப் பேரில கையெழுத்து வாறது, ஆள் மாத்தளையில எண்டு பஸ் ஏத்தி விட்டவர்."

"பல்லேகமன்னு யாரு சொன்னா?"

"ரேடியோவில சொல்லுவினம். அவர் சைக்கிள் பெடலைச் சுத்துவார், நான் காதை வைச்சுக்கொண்டு இருப்பன். எங்கட கலியாணப் பாட்டு. பங்கருக்குள்ளயும் கேட்டனாங்கள். கடைசியில சைக்கிளும் இல்லை, அவரும் இல்லை." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "அக்கா எப்ப வருவா?"

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு பேரும் அழுததுதான் தெரியும். இப்போது அவ வவுனியாவில் ஒரு தையல் கடையில் இருக்கிறா. தைப்பொங்கலுக்கு எனக்கு போன் எடுப்பா. லைனுக்கு இப்போது பஞ்சமில்லை, சின்னப் பிள்ளையின் கையில்கூட உலகம் இருக்கிறது. ஆனால் உங்களிடம் சேர்க்க வேண்டிய ஒரு செய்தி மட்டும் அன்றிலிருந்து என்னிடமே கிடக்கிறது. சாமி கும்பிடும்போது சொல்லிப் பார்க்கிறேன், தனியாக இருக்கும்போது வாய்விட்டும் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் சும்மா சொல்லலை மிஸ். கேட்டிருக்காங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, உங்களத் தேடி பல்லேகம வரைக்கும் போயிருக்காங்க.