பாராசூட் விரிந்ததாக எழுதிய கடிதம்

புதுநகரம்,
12-8-1953

அன்புமிக்க சூசையப்பன் அண்ணன் அவர்களுக்கு,

இங்கே பாலக்காட்டுப் பக்கம் மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. அங்கே உங்கள் பள்ளிவாசல் மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். தேயிலை ஃபாக்டரி மிஷின்களோடு நீங்களும், அண்ணி இருதயம்மாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி காணோம். தங்கை மேல் வருத்தமோ?

உங்கள் சிநேகிதர், என் வீட்டுக்காரர், ஜப்பான்காரர்களோடு நடந்த அரக்கான் சண்டையில் விமானத்தோடு போய் ஒன்பது வருடத்துக்கு மேலாகிறது. ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று சர்க்கார் அப்போதே எழுதிவிட்டது. மாமி அதை நம்பவில்லை. நீங்கள் எழுதியதைத்தான் நம்பினார்கள். பாராசூட் விரிந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருக்கலாம் என்று எழுதியிருந்தீர்களே. கைதிகள் திரும்பிய காலமெல்லாம் மாமி ஆள் விட்டு விசாரித்தார்கள். நானும்தான் காத்திருந்தேன்.

இப்போது குஞ்சு முகம்மது என்பவர் என்னைப் பெண் கேட்டு வந்திருக்கிறார். ஜவுளிக்கடைக்காரர், மனைவியை இழந்தவர். மகள் கதீஜாவும் மாமியும் என்னோடு வரட்டும் என்கிறார். மாமியோ, “எம் மகன் உசுரோட இருக்கறப்ப உனக்கு எப்படிடி நிக்காஹ்?” என்று அழுகிறார்கள். விமானம் விழுந்ததைக் கண்டவர் யாராவது எழுதித் தந்தால்தான் ஒரு முடிவு சொல்ல முடியும் என்கிறார் நிக்காஹ் நடத்திவைக்கும் கத்தீப்.

பாராசூட்டைப் பார்த்தது யார், அண்ணா? அவர் பெயரை எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
கௌலத்


பள்ளிவாசல்,
30-8-1953

அன்புத் தங்கை கௌலத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பாராசூட்டை யாரும் பார்க்கவில்லை, அம்மா.

அன்று காலை அப்பாஸ் வழக்கம்போல் முகம் மழித்துக்கொண்டான். பெட்ரோல் டின்னை அறுத்துச் செய்த அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தேன். “டேய் சூசை, சீனிய ஒளிச்சு வைக்காதடா, வந்து பாப்பேன்” என்று சொல்லிவிட்டுப் பைலட்டுக்குப் பின்னால், துப்பாக்கிப் பக்கம் ஏறி உட்கார்ந்தான். ஆறு விமானங்கள் போயின. ஐந்து திரும்பின. இறங்கிய ஒரு பைலட் என்னிடமே சொன்னார்: அவர்கள் விமானம் தீப்பிடித்து மலையில் மோதியது, யாரும் குதிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து எங்கள் மெக்கானிக் ஆட்களோடு அந்த மலைக்காட்டுக்குப் போனேன். வாலில் இருந்த எண் நான் பெயிண்ட் அடித்தது. இரண்டு பேரையும் அங்கேயே அடக்கினோம். யார் எவர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் சர்க்கார் காகிதத்தில் ‘கருதப்படுகிறார்’ என்றே நின்றுவிட்டது போலும். எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன்.

அவன் போனபோது நீ நிறைமாதம். பிரசவம் முடியட்டும் என்று அந்தப் பொய்யை எழுதினேன். கதீஜா பிறந்ததும், ‘அத்தா வந்து பெயர் வைக்கட்டும் என்கிறார் மாமி’ என்று எழுதினாய். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை. உன் ஒவ்வொரு கடிதத்துக்கும், அடுத்த தடவை சொல்லலாம் என்று தள்ளினேன்.

இதைக் கத்தீபிடம் காட்டு. நேரில் வரச் சொன்னால் வருகிறேன்.

சூசையப்பன்


புதுநகரம்,
22-9-1953

சூசையப்பன் அண்ணனுக்கு,

கடிதத்தை மாமிக்கு நானே வாசித்தேன். அவர்கள் அழவில்லை. “இன்னொருக்கா வாசி” என்றார்கள். வாசித்தேன். “ஒம்பது வருசமா எம் புள்ளைக்கு ஒரு பாத்தியா ஓதாமப் போயிட்டனே” என்றார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஓதினோம். தெருவே வந்திருந்தது. கத்தீப் உங்கள் எழுத்தை ஏற்றுக்கொண்டார். நீங்கள் வர வேண்டியதில்லை. அடுத்த மாதம் நிக்காஹ். நாள் குறித்தது மாமிதான்.

நல்ல மனசோடு செய்தீர்கள், தெரியும். பிரசவம் வரைக்கும் அது நல்லதுதான். அந்தப் பேறுகாலம் நாற்பது நாளில் முடிந்துவிட்டது, அண்ணா. மீதி வருடங்களை நான் யாரிடம் கேட்பேன்? மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஆனால் கதீஜா என்னை விடுவதில்லை. அத்தா பாடுவாரா, விமானத்தில் மேலே போகும்போது பயப்படுவாரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் என்னோடு இருந்தது ஒரு லீவு மட்டுந்தான். எனக்கு என்ன தெரியும்? அவளுக்கு எழுதுங்கள். பயந்திருந்தால், பயந்தார் என்றே எழுதுங்கள்.

கௌலத்