தட்டில் வளர்ந்த தோல்

நானா,

நேற்று உங்கள் வீட்டில் எனக்கு ரோஜா சர்பத், நம்மூர் சிராப், கரைத்துக் கொடுத்தார்கள். உங்கள் மருமகள் குவளையை நீட்டியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆய்வுக்கூடத்தில் தோல் உயிரணுக்களுக்கு நாங்கள் ஊற்றிய ஊட்டநீரும் அதே இளஞ்சிவப்புதான். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "ஐஸ் போட்டா குடிச்சிரலாம்லா" என்றீர்கள். அந்த வீட்டில் இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? ஒரே மூச்சில் குடித்தேன். செய்தி எனக்கு எட்டுவதற்குள் உங்கள் அடக்கம் முடிந்துவிட்டிருந்தது.

களைப்பாக இருக்கிறது. பஸ் பயணத்தின் களைப்பு மட்டுமில்லை.

எண்பதுகளில் நீங்கள் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்ட மருந்தகம் ஒன்றில் டிரெசர்; ஊருக்கே அண்ணன், ‘நானா’. காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குத் தையல், பள்ளி விடுமுறை வந்தால் சுற்றுவட்டாரப் பையன்களுக்கு சுன்னத்து. நான் கோலாலம்பூரில் ஆய்வுக்கூட உதவியாளர். தீயில் தோல் இழந்தவர்களுக்குப் புதுத் தோல் வளர்த்துக் கொடுக்க முடியுமா என்று எங்கள் டாக்டர் முயன்றுகொண்டிருந்தார். அதற்குச் சின்னப் பிள்ளைகளின் தோல்தான் தோது. சுன்னத்தில் வெட்டிய துண்டை ஐஸ் வைத்த பிளாஸ்கில் போட்டு நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்புவீர்கள். ஒவ்வொரு தாயிடமும் கேட்டு, கடைசியில் மிஞ்சுவது மண்ணுக்குத் திரும்பும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவீர்கள்.

"குப்பையில போட்டுறாத தங்கச்சி. நான் சொல்லிட்டேன்."

நானும் போடவில்லை. மிஞ்சியதெல்லாம் நீங்கள் புதைப்பதற்காக அதே பிளாஸ்கில் உங்களுக்குத் திரும்பி வரும். நம் இருவருக்கும் மறை கழன்றுவிட்டது என்று டாக்டர் முடிவுகட்டியிருந்தார்.

தோல் வளர்க்கும் தட்டுகளில் பெரும்பாலானவை ஏமாற்றிவிடும். பூஞ்சை பிடிக்கும், கரண்ட் போகும், காரணமே தெரியாமல் சாகும். தஞ்சோங் காராங்கில் ரொட்டிச்சானாய்ப் பரோட்டாக் கடை வைத்திருந்தவரின் மகனுடைய துண்டு மட்டும் பிழைத்தது. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை அந்த உயிரணுக்கள் ஒற்றை விரிப்பாகத்தான் பரவும். கம்பிவலை மேல் தூக்கி வைத்து, அடியில் ஊட்டநீரும் மேலே காற்றும் படவிட்டால்தான் அடுக்கடுக்காக எழும்பும். ஓரத்தில் சிறிது வெட்டிச் சாயமேற்றி உங்களுக்கு நுண்ணோக்கியில் காட்டினேன். அடியில் உருண்டை, நடுவில் தட்டை, உச்சியில் உலர்ந்த செதில். நம் கையில் இருப்பது போலவே இருந்தது.

"மிச்சம் தட்டுல இருக்கே, அது உசிரோடவா இருக்கு?"

"ஆமா நானா."

"அப்ப இதை எப்படிப் புதைக்கிறது?" என்று தலையைச் சொறிந்தீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பையன் வயலோரக் கால்வாயில் விழுந்து போய்விட்டான். மறுநாள் நனைந்த சட்டையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தீர்கள். "அவங்கம்மா கேக்குறா தங்கச்சி. புள்ளையோட எதுவும் வெளியில இருக்கக் கூடாதாம்." டாக்டருக்கு அந்த ஒரு தட்டுதான் மாதக்கணக்கான உழைப்பு. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "கொண்டு போங்க" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு நானும் உங்களோடு வந்தேன். மையவாடியில் பையனின் குழிக்குப் பக்கத்திலேயே கையளவு மண் தோண்டினீர்கள். தாய் என்னைப் பார்த்து, "இன்னும் உசிர் இருக்கா?" என்று கேட்டார்.

தோல் வளர்க்கும் சூடான பெட்டியை விட்டு வெளியே வந்து, பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுங்கி வந்த தட்டு அது. "தெரியலக்கா. இருந்தாலும் இருக்கும்" என்றேன். இல்லையென்று நீங்களாவது சொல்லிவிட மாட்டீர்களா என்று உங்களைப் பார்த்தேன். எத்தனையோ வீடுகளில் சாவுச் செய்தி சொல்லிப் பழகிய நீங்கள் தோண்டிய மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள்.

அவர் மண்ணில் உட்கார்ந்து கையை நீட்டினார். "கொடு. அவன் போறப்ப நான் கடையில மாவு பெசஞ்சிக்கிட்டு இருந்தேன். இப்பவாச்சும் பக்கத்துல இருக்கேன்."

நீங்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்ததும் காற்றில் அந்தத் தோல், ஆறிய பாலின் ஆடை மாதிரி மெல்லச் சுருங்கியது. அவர் கண் எடுக்கவேயில்லை. வெயில் சாய்ந்த பிறகு அவரே, "சரி நானா, மூடிருங்க" என்றார்.

அதற்குப் பிறகு எந்தத் தட்டையும் மருந்து ஊற்றி அழித்துவிட்டு நான் தேத்தண்ணீர் குடிக்க எழுந்து போனதில்லை. அதன் உயிர் அடங்கும்வரை பக்கத்தில் இருப்பேன். பணி ஓய்வு பெறும்வரை இதற்காகக் கேலி கேட்டாயிற்று.

நேற்று உங்கள் மருமகளிடம், கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டேன். "தூங்குறாங்கன்னு நெனச்சு கதவைச் சாத்திட்டோம் மாமி" என்று அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இன்று காலை மையவாடிக்குப் போனேன். எனக்கு உங்கள் ஓதல் எதுவும் தெரியாது. வெயில் ஏறும்வரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், நானா.